கொதிநீரின் சுருதி

சிவமயம்
ரெனான்,
10 தை 2016

அன்புத் தம்பி மகேசுக்கு,

கூத்தப்பெருமான் திருவருளால் நானும் உன் அத்தானும் குறைவின்றி இருக்கிறோம். உங்கள் இருவரின் சுகத்தை உன் கையெழுத்தில் அறியக் காத்திருக்கிறேன். உன் குரலில் அறியும் வழி அடைபட்டுப் போயிற்றே! ஞாயிறுதோறும் அக்காவோடு கதைக்கிற பிள்ளை, கார்த்திகை முதலாகத் தொலைபேசியை எடுப்பதில்லை. சுகந்தி எடுத்தால், "அவர் இப்பதான் வெளியிலை போனவர் அக்கா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சூரிச்சில் கடையும் இல்லை, கண்ணியும் இல்லை, எங்கேதான் போகிறாய்? நத்தார் வாழ்த்து அட்டையில், "இனிக் கடிதம் எழுதுவோம், அதுதான் மரியாதை" என்று எழுதியிருந்தாய். மரியாதையில் உனக்கு இத்தனை பற்று எப்போது உண்டானது என்று அத்தான் கேட்கிறார்.

ஒரு புதினம். சிவானுஜா என்றொரு பெண் வீடு தேடி வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பழைய இசைத்தட்டுகளைச் சீர்செய்து மறுபடி வெளியிடும் சிறிய நிறுவனம் ஒன்றைச் சூரிச்சில் நடத்துகிறாள். நாம் டாவோஸ் ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் பதிவுசெய்த நம் 'கொதிநீர்' தட்டுக்கு முப்பதாண்டு நிறைகிறதாம். அதற்காக ஒரு புதுப்பதிப்பும், டாவோஸிலேயே ஒரு கச்சேரியும் நடத்த விரும்புகிறாள்.

"அம்மா, உங்கடை றெக்கோட் ஒரு க்ளாசிக்" என்றாள்.

"பிள்ளை, குசினிக்குள்ளை கோப்பை கழுவுற இடத்திலை பாடினது. அதுக்கு உந்தப் பேர் கனம் கூடிப் போச்சு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு ஒன்று சொன்னாள். முதற்பாட்டில் உன் கித்தார் புகுமுன் நெடுநேரம் 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி நிற்கும் அல்லவா? தட்டைப் போட்டால், கூடியிருக்கும் இளையவர்கள் தாமும் வாய்மூடி அதனோடு சேர்ந்து முரலுகிறார்களாம். சுவிஸ் பிள்ளைகளும் அப்படியாம். எனக்கு மெய் சிலிர்த்தது.

வெளியிடுவதற்கு உன் கையெழுத்தும் என் கையெழுத்தும் வேண்டும் என்றாள். உன் எண்ணத்தை எழுது.

ஆசிகளுடன்,
அக்கா யோகாம்பாள்


சூரிச்,
28 தை 2016

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் பாதங்களுக்கு வணக்கம். சுகந்தியின் முழங்கால் நோ தணிந்திருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. மரியாதை எனக்கு அறுபது வயதில்தான் முளைத்தது, பல் விழத் தொடங்கிய பின் என்று அத்தானிடம் சொல்லுங்கள்.

சிவானுஜா இங்கும் வந்தாள். மிக விரைவாகக் கதைக்கிற பிள்ளை. "கேள்வியளை எழுதித் தாரும், ஆறுதலாய்ப் பதில் எழுதுறன்" என்று அனுப்பிவிட்டேன். அவள் எழுதியிருந்த முதற்கேள்வி: அந்த ஒலி எங்கிருந்து வந்தது?

அவளுக்கு எழுதியதையே உங்களுக்கும் எழுதுகிறேன், நினைக்க இனிக்கிறது. மதியப் பந்தி முடிந்து இராச் சமையல் தொடங்கும் வரை குசினி நம்முடையது. ஹோட்டலில் திருத்த வேலை பார்த்தவன் நம் ஊர்ஸ். மேளங்களையும் ஒலிப்பதிவுப் பெட்டியையும் இறக்கி வைப்பான். கோப்பை கழுவும் இயந்திரத்தை மட்டும் நிறுத்த இயலாது. நிறுத்தினால் நீர் ஆறிவிடும், தலைமைச் சமையற்காரர் நம் தலையை எடுத்துவிடுவார். நீங்கள் சலவைக்கட்டோடு இறங்கி வந்து, "சுருதிப்பெட்டி இல்லாமல் நான் வாய் திறக்கமாட்டன்" என்றீர்கள். "உதிலை நிக்குது அக்கா சுருதிப்பெட்டி, ரெண்டாள் உயரத்திலை" என்று நான் பகிடிக்குத்தான் சொன்னேன். நீங்களோ கண்ணை மூடி, அந்த இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டு நின்று, பதிகம் பாடுவதுபோல் அதிலிருந்து எழுந்தீர்கள். "பனிமலைமேல் கொதிநீராய் நின்றவனே!"

அந்தச் சுருதி எந்தப் பியானோவிலும் இல்லாத இடம். இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்றது. கித்தாரை முழுதாக அதற்கு மாற்றினேன். கோப்பைச் சத்தத்தில் காது பயன்படாது. கித்தாரின் அடியை இயந்திரத்தின் உருக்கு மேசைமேல் ஊன்றுவேன். தந்தியின் நடுக்கமும் மேசையின் நடுக்கமும் வயிற்றில் ஒன்றையொன்று முட்டும். முட்டல் அடங்கும்வரை முறுக்காணியைத் திருப்புவேன். கித்தாருக்குக் காய்ச்சல் பார்க்கிறான் என்று ஊர்ஸ் சிரிப்பான். பிறகு அவன் அடித்த அடி பனிச்சரிவு போல் விழும். ஏச வந்த தலைமைச் சமையற்காரர் அகப்பையோடு அப்படியே நின்றது நினைவிருக்கிறதா?

'மடைப்பள்ளி' என்று நம் குழுவுக்குப் பெயர் வைத்தவர் நீங்கள். சமைக்கிற இடமெல்லாம் சாமிக்குச் சமைக்கிற இடம்தான் என்றீர்கள்.

சீர்செய்த பதிவை அவள் நம் இருவருக்கும் அனுப்புவாள்.

தம்பி மகேஸ்வரன்


சூரிச்,
6 பங்குனி 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. தாங்களும் அவ்வாறே என நம்புகிறேன்.

புதிய பதிவு வந்தது. மிக நன்று. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். ஊர்ஸும் சரி என்றானாம். தாங்களும் இட்டுவிடுங்கள். வைகாசி முடியுமுன் தட்டு அச்சிடக் கொடுக்கவேண்டும். தவறினால் அச்சகத்தில் அடுத்த ஆண்டுதான் இடம் கிடைக்குமாம்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

மகேஸ்வரன்


சிவமயம்
ரெனான்,
13 பங்குனி 2016

தம்பி மகேசுக்கு,

உடல் நலமாக இருக்கிறேன். உள்ளத்தைப் பற்றிக் கேளாதே.

'மிக நன்று' என்று எழுதிய கையை நான் அறிவேன்; அந்தச் சொல்லைத்தான் அறியமுடியவில்லை. அவள் அனுப்பியதை நேற்றுப் பூசை முடித்துக் கேட்டேன். அத்தானும் அருகில் இருந்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. "இது வேலை செய்யுதில்லைப் போலை" என்றார் அவர். திடீரென்று வெறுவெளியில் உன் கித்தார் தொடங்கியது. சுருதியை வேரோடு பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்! பிடுங்கியதோடு விடாமல், பாட்டை முழுவதும் இழுத்துப் பியானோவின் கட்டையில் நிறுத்தியிருக்கிறார்கள். என் குரல் யாரையோ தேடிக்கொண்டு அந்தரத்தில் அலைகிறது.

நாதத்திலிருந்தே அனைத்தும் பிறந்தன என்று நம் ஆகமங்கள் கூறும். அந்த நாதத்தை அழுக்கென்று துடைத்தெடுத்த பிறகு அங்கே எஞ்சுவது என்ன? யாரோ ஓர் அறியாதவர் இதைச் செய்தால் பொறுப்பேன். அந்த இரைச்சலைச் சுருதி என்று எனக்குக் காட்டியவன் நீ. அது இல்லாததை நீ கவனிக்கவில்லையா, அல்லது கவனித்தும் விட்டுவிட்டாயா? எதுவாயினும் எனக்கு ஆறவில்லை.

நான் கையெழுத்திட மாட்டேன். கோயில் தலைவர் இராஜசிங்கம், "பதிகம் படிக்கிற நீங்கள் கித்தாரோடை கூத்தாடப் போறியளோ?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். "கூத்தாடுறவனைத்தானே ஐயா உள்ளுக்கை வைச்சுக் கும்பிடுறம்" என்று அவர் வாயை அடைத்தவள் நான். இந்தச் சுருதியற்ற தட்டைக் கொண்டுபோய் அவர் முன் எப்படி வைப்பேன்?

உடன் பதில் வேண்டும்.

யோகாம்பாள்


சூரிச்,
2 சித்திரை 2016

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கோபம் தணிந்திருக்க இறைவனை வேண்டுகிறேன்.

காலத்துக்கேற்ற சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஓர் இயந்திரத்தின் இரைச்சலுக்காக நாம் ஏன் சண்டையிடவேண்டும்? கையெழுத்தை இட்டுவிடுங்கள்.

கச்சேரிக்கு நான் வரமாட்டேன். விரல் மூட்டுகள் முன்போல் இல்லை. சிவானுஜா வேறொரு நல்ல கித்தார்காரனைப் பிடித்துத் தருவாள்.

மகேஸ்வரன்


சிவமயம்
ரெனான்,
24 சித்திரை 2016

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்காக இன்று அருச்சனை செய்வித்தேன்.

புதன்கிழமை சூரிச்சுக்கு வந்திருந்தேன். லாங்ஸ்ட்ராஸ வீதித் தமிழ்க் கடையில் கோயிலுக்கு வாழையிலை எடுக்க வந்தேன் என்று உனக்குச் சொல்லலாம். வாழையிலை எங்கள் பக்கத்து லொசானிலும் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். உன்னைத் திட்டுவதற்கே வந்தேன். வரும் வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

உன் வீட்டு வாசல் மரப்பலகைமேல் நின்று மணியை அடித்தேன். மறுபடி அடித்தேன். பக்கத்து யன்னல் திரை விலகியிருந்தது. நீ உள்ளே இருந்தாய். கித்தாரை மடியில் வைத்து, அதன் உடல்மேல் தாடையை அழுத்தியபடி வாசித்துக்கொண்டிருந்தாய். விரல்கள் நன்றாகவே ஓடின. மேல்வீட்டுப் பெண் எட்டிப் பார்க்குமளவுக்கு மணி ஒலித்தது.

அடுக்கி வந்த சொற்கள் எல்லாம் உதிர்ந்துபோயின. மெதுவாகத் திரும்பி ரெயில் ஏறிவிட்டேன்.

என் முன்னைய கடிதத்தின் கடுமையை மறந்துவிடு. சிவானுஜாவோடு நான் பேசிக்கொள்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்வேன், வேறெதுவும் சொல்லேன். உனக்கு விருப்பமானபோது எழுது. விருப்பமில்லையெனில் வெறும் தாளை அனுப்பு. உன் விலாசத்தைக் கண்டாலே போதும்.

என்றும் உன்
அக்கா


சூரிச்,
29 வைகாசி 2016

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பலமுறை எழுதிக் கிழித்தேன்.

இடக்காது இரண்டு ஆண்டுகளுக்கு முன் போயிற்று. வலக்காது கார்த்திகையில் போயிற்று. காதில் வைக்கும் கருவியும் எனக்கு உதவவில்லை. சுகந்திக்குத் தெரியும், வைத்தியருக்குத் தெரியும். சொன்னால், எல்லோரும் என்னிடம் மெதுவாகவும் இரக்கமாகவும் வாயசைப்பார்கள் என்று அஞ்சினேன். கித்தார்காரன் என்று அறியப்பட்டவன் செவிடன் என்று அறியப்பட விரும்பவில்லை.

சிவானுஜா அனுப்பிய பதிவை நான் கேட்கவேயில்லை. ஒலிபெருக்கியின்மேல் கையை வைத்திருந்தேன். ஊர்ஸின் அடி கையில் விழுந்தது. அதுவே எல்லாம் சரியாக இருப்பதற்கு அடையாளம் என்று நினைத்துவிட்டேன். அந்த நெடுஞ்சுருதி கையில் படவில்லை. என் கைதான் மரத்துப்போயிற்று என்று எண்ணினேன். அங்கே அது இல்லாமற் போயிருக்கும் என்று நினைக்கவேயில்லை.

நீங்கள் கதவில் நின்றதைப் படித்த அன்று சுகந்தியின் மடியில் அழுதேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லாதபடியால் உடம்பு இலேசாயிருக்கிறது.

அச்சகத் தவணை போய்விட்டதா?

மகேசு


சிவமயம்
ரெனான்,
4 ஆனி 2016

என் அருமைத் தம்பிக்கு,

நாங்கள் மிக்க நலம். ஏன் 'மிக்க' என்பதைக் கீழே அறிவாய்.

தவணை போகவில்லை! நீ எழுதுமுன்பே, தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது, சிவானுஜா ஊர்ஸின் வீட்டு நிலவறையிலிருந்த மூலநாடாவைத் தேடி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் அவளை இருத்தி, சுருதி என்றால் என்னவென்று பாடியே காட்டினேன். முதலில் சுருதியோடு, பிறகு அத்தானைச் சுருதிப்பெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு. அவள் கெட்டிக்காரி. இரண்டாவது அடியிலேயே கையை உயர்த்தினாள்.

"எங்கடை மெஷின் அதைப் பழுதெண்டு சிவப்பிலை காட்டினது அம்மா. நானும் நம்பிட்டன். வீட்டைக் கூட்டுறன் எண்டு அத்திவாரத்தை எல்லே அள்ளி எறிஞ்சிருக்கிறன்!"

ஒரே கிழமையில் பழையபடி அனைத்தையும் மீட்டுத் தந்தாள். இயந்திரம் இரைகிறது, நீ அதிலிருந்து எழுகிறாய், நான் உன்னிலிருந்து எழுகிறேன். மகிழ்ந்து கையெழுத்திட்டேன். தட்டு அச்சுக்குப் போய்விட்டது, முதற்பதிப்பு முழுவதும் முன்பதிவிலேயே முடிந்துவிட்டதாம். அடுத்த பதிப்புக்கும் சொல்லிவிட்டாள்.

இனிக் கச்சேரி. ஐப்பசி முதலாம் நாள், டாவோஸில், அதே ஹோட்டலின் மரமண்டபத்தில். வேறு கித்தார்காரனோடு நான் பாடேன். உன் காதைக் காரணம் காட்டாதே. அந்தக் குசினியில் நீ காதாலா சுருதி சேர்த்தாய்? மேசைமேல் ஊன்றி வயிற்றால் அறிந்தேன் என்று தையில் நீயே எழுதியிருக்கிறாய். பழஞ்செய்யுள்களில் வரும் பாணர்கள் யாழை மார்போடு தழுவியிருப்பார்கள். காதோடு வைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. ஊர்ஸின் அடி பலகை வழியாக உன் காலுக்கு வரும். என் தாளம் என் தொடையில் விழும், கண்ணால் பார்த்துக்கொள். சுருதிக்கு, மூலநாடாவில் உள்ள இரைச்சலைச் சிவானுஜா மேடைப்பலகை அதிரும்படி ஒலிக்க விடுவாள்.

உன் அனுமதியின்றி உன் செய்தியை ஒருவருக்கும் உரைக்கவில்லை. பலகை ஏன் அதிரவேண்டும் என்று அவள் கேட்டதற்கு, "அது எங்கடை மடைப்பள்ளி வழக்கம்" என்றேன்.

கச்சேரி மூன்று மணிக்கு. மதியப் பந்திக்கும் இராப்பந்திக்கும் இடையில்; குசினிகளில் வேலை செய்கிறவர்கள் வரவேண்டும் அல்லவா?

வருவாய் என்று எழுது.

அக்கா


சூரிச்,
2 ஐப்பசி 2016

அன்புள்ள அக்காவுக்கு,

வெற்றி வணக்கம்! நேற்று இருந்த சுகத்தைப் போல் என் வாழ்நாளில் ஒரு சுகம் இருந்ததில்லை. டாவோஸிலிருந்து வந்த ரெயிலில் சுகந்தி நித்திரையாகிவிட்டாள். நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நேரில் கதைக்க முடியவில்லை. கச்சேரி முடிந்தபின் அந்தக் கூட்டத்தில் உங்களை அணுகவே வழியில்லை. தவிர, இதை நான் உங்களிடம் எழுதித்தான் கேட்கவேண்டும்.

மேடையில் சிவானுஜாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையை இறக்கியதும் நாடா ஓடும் என்பது ஏற்பாடு. அவள் கை இறங்கவில்லை. உயர்ந்தபடியே நின்றது, வாயும் திறந்தபடி. ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஊர்ஸைத் திரும்பிப் பார்த்தால் அவன் அழுதுகொண்டிருக்கிறான். அப்போது என் உள்ளங்காலில் பலகை உயிர்த்தது. முதலில் எறும்பூரும் அளவு. பிறகு கணுக்கால், முழங்கால், நெஞ்சு. குனிந்து கித்தாரின் அடியைப் பலகையில் ஊன்றினேன். பழைய முட்டல்! திருப்பினேன், அடங்கியது. அதன்பின் உங்கள் தொடையையும் ஊர்ஸின் அடியையும் தவிர எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு பாட்டில்கூட நான் தவறவில்லை என்று ஊர்ஸ் என் முதுகு வீங்க அடித்துச் சொன்னான்.

சனம்தான் அந்த ஒலியை எழுப்பியது என்று சுகந்தி கையில் எழுதிக் காட்டினாள். உணர்ந்தேன், அக்கா. ஆனால் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். அது எப்படி ஒலித்தது? அதை எனக்கு எழுதுங்கள்.

தம்பி மகேசு


சிவமயம்
ரெனான்,
6 ஐப்பசி 2016

என் உயிரனைய தம்பிக்கு,

அம்பலவன் அருள் நம் வீட்டில் நிறைந்து வழிகிறது. அத்தான் புதிய தட்டைப் பூசையறையில் வைத்துவிட்டார். நான் எடுக்கச் சொல்லவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன்.

சிவானுஜா கை உயர்த்திய கணத்தில் மண்டபம் அமைதியாயிற்று. மூன்றாம் வரிசையில், பந்தி முடித்து நேரே வந்தவர்கள், வெள்ளைச் சமையற்சட்டையைக்கூடக் கழற்றாமல் இருந்தார்கள். அவர்களில் யாரோ ஒருவர் வாய்மூடி அந்த ஒலியைத் தொடங்கினார். பக்கத்திலிருந்தவர் சேர்ந்தார். வரிசை முழுவதும் சேர்ந்தது. அடுத்து மேல்மாடத்துப் பெண்கள், அதே சுருதியின் மேல்நிலையில், நெய்விளக்கின் சுடர்போல் அசையாமல் நின்றார்கள். சுவிஸ் முதியவர்கள் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து முரன்றார்கள். இங்கு பிறந்த நம் பிள்ளைகள் முரன்றார்கள். இராஜசிங்கம் இடமும் வலமும் பார்த்தார். பிறகு கண்ணை மூடி அவரும் சேர்ந்துகொண்டார். எல்லாரையும்விட அவர் சத்தம் கூட!

ஒருவரும் அவர்களுக்குச் சுருதி கொடுக்கவில்லை, மகேசு. நாடா ஓடவில்லை. ஆயினும் அது பியானோவில் இல்லாத அந்த இடத்திலேயே நின்றது. மயிரிழையும் ஏறவில்லை, இறங்கவில்லை. முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு வீட்டிலும் அதை அப்படியே வைத்திருந்திருக்கிறார்கள். அந்த இயந்திரத்தை என்றோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதன் குரல் இவர்களிடம் இருக்கிறது. எத்தனையோ சந்நிதிகளில் பதிகம் பாடியிருக்கிறேன். எங்கும் என் சுருதி ஒரு பெட்டியில் இருந்தது. அன்று அது மனிதரில் இருந்தது. கருவறையில் பெருமணி ஓய்ந்தபின் காற்றில் நிற்குமே ஓர் ஒலி, அதைப் பல நூறு மார்புகள் சேர்ந்து தாங்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

நீ குனிந்து கித்தாரைப் பலகையில் ஊன்றினாய். நீ அவர்களை வணங்குவதாக நினைத்து அவர்கள் இன்னும் ஓங்கி முரன்றார்கள். உன் தந்தி கீழிருந்து மெல்ல ஏறி, அந்த ஒலியை நெருங்கி, அதற்குள் போய் மறைந்தது. எது சனம், எது தந்தி என்று என் காதுக்குப் பிரித்தறிய இயலவில்லை. அந்த இடத்திலிருந்துதான் நான் வாய் திறந்தேன். அந்த மண்டபத்தில் அதைக் கேட்காதவன் நீ ஒருவன். அதனோடு அணுவளவும் பிசகாமல் சேர்ந்தவனும் நீதான்.

வரும் ஞாயிறு தொலைபேசியில் அழைக்கமாட்டேன், ரெயிலில் வருகிறேன். மணியையும் அடிக்கமாட்டேன். உன் வாசல் மரப்பலகையில் நின்று காலால் நம் முதற்பாட்டின் தாளத்தைப் போடுவேன்.

கதவைத் திற.

அக்கா யோகாம்பாள்